ஒரு அங்குல ஆட்டம்

மார்ச் 2

தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகள் வீட்டுப் பெரிய பேத்திக்குக் கண் மருத்துவம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. நாற்பது இடத்துக்கு ஆயிரத்து எழுநூறு பேர் பரீட்சை எழுதினார்களாம், இவள் ஒன்பதாவது. ஒன்பதாவது என்று சொல்ல அவளுக்கே கூச்சம். நான்தான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவள் தம்பி நீச்சலில் முதல் பரிசு வாங்கினான். கொடுத்த கோப்பை அவன் இடுப்பு உயரம் இருக்கிறது, வைக்க அலமாரி இல்லாமல் பீரோ மேல் படுக்கவைத்திருக்கிறார்கள். இங்கே மகனுடைய பெண் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஒரு மார்க்காவது குறைக்கலாம் என்று டீச்சர் தேடிப் பார்த்து, இடம் கிடைக்காமல் கையெழுத்துப் போட்டாராம். கடைக்குட்டிக்கு நாலு வயது. அவன் செருப்பை இடம் வலம் மாற்றாமல் போடுகிறான். சிரிக்காதே. அவன் அப்பன் ஏழு வயது வரை மாற்றித்தான் போட்டான், நீதான் ஒவ்வொரு தடவையும் குனிந்து மாட்டிவிடுவாய்.

நீ இல்லாமல் இங்கே எதுவும் நின்றுவிடவில்லை என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால், உன்னிடம் சொல்லாமல் எல்லாம் அப்படியே கிடந்தது போல இருக்கிறது. சரி, அது போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். டிராக்டர் ஸ்டியரிங் கெட்டுவிட்டது. உன் அத்தானுக்கு இடுப்பு உடைந்ததிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன், அவர் போய் மூன்று வருஷம் ஆகியும் நான்தான் ஓட்டுகிறேன். இப்போது ஸ்டியரிங் சக்கரத்தை அரைச் சாணுக்கு மேல் சுற்றிய பிறகுதான் முன் டயருக்குச் செய்தி போகிறது. போன மாதம் நான் நேராகத்தான் பிடித்திருந்தேன், வண்டி தானாக ஒதுங்கிப் போய் கேட் தூணைச் சாய்த்துவிட்டது. தூண் பக்கத்தில் கடைக்குட்டி நின்றிருந்தான். இரண்டு அடி தள்ளி.

அதிலிருந்து மகன் பேசுவதே இல்லை, அறிவிப்பு மட்டும்தான். "அம்மா, ஏப்ரல் இருபத்தி நாலுக்குள்ள அது நேரா ஓடணும். இல்லைன்னா பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துட்டுப் போவான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நீங்க வீட்ல இருங்க." இரும்புக்காரன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டும் போனான். மாப்பிள்ளை பார்க்க வந்தவன் மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

மழைக்கு முன்னால் என் நிலத்தை நான் உழ வேண்டும். குத்தகைக்கு விட்டுவிட்டு ஜன்னல் வழியாக அடுத்தவன் உழுவதைப் பார்க்க என்னால் ஆகாது. கடைத்தெரு மெக்கானிக் இந்த மாடலைப் பார்த்ததே இல்லை என்று கையை விரித்துவிட்டான். அந்த ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்துப் பூட்டியவன் நீ ஒருத்தன்தான்.

உன்னை வரச்சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுது, நான் செய்துகொள்கிறேன். உன் போன் நம்பர் மகளிடம் இருக்கிறது. கூப்பிட்டால் இரண்டு பேரும் கத்துவோம், அதனால்தான் கடிதம்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. பிள்ளைகள் விஷயம் சந்தோஷம்.

நீ வரச்சொல்லவில்லை, நானும் வருவதாக இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியில் புதுப் பல்சக்கரம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டாம் நாள் வண்டி கால்வாயில் இறங்கி அத்தானுக்கு இடுப்பு உடைந்தது. கேள்விப்பட்டு ஓடி வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, எட்டுப் பேர் முன்னால், "என் புருஷனைக் கொல்லத்தான் ரிப்பேர் பண்ணியா, இனி இந்தப் பக்கம் வராதே" என்றாய். எட்டுப் பேர் யார் யார் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். அத்தான் இறந்த செய்திகூட எனக்கு நாலு நாள் கழித்து இன்னொருவர் வாய் வழியாகத்தான் வந்தது.

டிராக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக எழுதுகிறேன்.

பெட்டிதான் கெட்டது என்று முடிவு கட்டாதே. சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவில் ஆறு ஏழு மூட்டு இருக்கிறது, ஒவ்வொன்றும் கொஞ்சம் தேய்ந்தாலே இவ்வளவு ஆட்டம் வந்துவிடும். இஞ்சினை நிறுத்து. முன் டயர் நேராக இருக்கட்டும். சக்கரத்தை மெதுவாகத் திருப்பி, டயர் அசைகிற வரைக்கும் எத்தனை அங்குலம் போகிறது என்று அளந்து எழுது. அப்புறம் ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஆட்டட்டும், நீ கீழே ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார். கண்ணை நம்பாதே. கெட்ட மூட்டு கைக்குள் டக்கென்று தட்டும். கடைசியில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்.

பின் டயருக்குக் கட்டை கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே, மரத்துண்டு வை. உனக்கு அறுபத்தெட்டு வயது.

இதற்கு இரண்டு ஆள் வேண்டும். மகன் உதவி செய்வானா என்று எழுது.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

மகன் உதவி செய்ய மாட்டான். அவனுக்கு ஆபீஸ், ஃபைல், சலவை செய்த சட்டை. மருமகள்தான் வந்தாள். நீ போன பிறகு வந்தவள், உனக்குத் தெரியாது. முன் அறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள், வாய் அந்த மிஷினைவிட வேகம். கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளைச் சீட்டில் ஏற்றிச் சக்கரத்தைத் திருப்பச் சொன்னேன். திருப்பினாள், திருப்பினாள், டயர் அசையவில்லை.

"அத்தை, இது டயரோட சேர்ந்திருக்கா, இல்ல சும்மா அழகுக்கு வச்சிருக்கா?"

"வாயை மூடிக்கிட்டு அளவைச் சொல்லு."

"அஞ்சரை அங்குலம். என் கடையில அஞ்சரை அங்குலம் தப்பினா சட்டை போர்வையாயிடும்."

அஞ்சரை என்று எழுதிக்கொள். அப்புறம் நான் கோணிப்பையை விரித்துக் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்தேன். நீ சொன்னது உண்மை. இடது டயர் பக்கத்து உருண்டை மூட்டு, அந்த பால் ஜாயின்ட், உள்ளங்கையில் சோழி மாதிரித் தட்டியது. வலதுபக்கம் சும்மா இருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டினால் இடது டயர் தலையை ஆட்டுகிறது, மேலே உள்ளே போனால் கீழே வெளியே வருகிறது. பின்னால் கட்டை கொடுத்தேன், அடியில் மரத்துண்டும் வைத்தேன். அறுபத்தெட்டு இல்லை, அறுபத்தேழு முடிந்து நாலு மாதம்.

கிரீஸ் அடிக்கிற நிப்பிள் மொத்தம் ஏழு. அதில் மூன்று மண் அடைத்து, பெயின்ட் மாதிரி காய்ந்து கிடந்தது. நான் நாலைத்தான் பார்த்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், இத்தனை வருஷமாக. அந்த மூன்றும் இடது பக்கம்தான். நான் எப்போதும் வலது பக்கமாக ஏறி இறங்குகிறவள், இடது பக்கம் சுவரை ஒட்டி நிற்கும். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள்தான், "எழுதுங்க அத்தை, டாக்டர்கிட்ட மறைச்சா மருந்து தப்பாயிடும்" என்றாள்.

மகன் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்தான். அம்மாவும் பெண்டாட்டியும் கரியாக நின்றோம். "இன்னும் முப்பத்தொம்பது நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால்கூடக் கோபம் வந்திருக்காது.

அடுத்து என்ன செய்ய?

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

நன்றாகப் பார்த்திருக்கிறாய். உன் மருமகளும்.

இடது பால் ஜாயின்ட்டை மாற்று. கழற்றுவதற்கு முன்னால் மரையில் எத்தனை சுற்று உள்ளே இருந்தது என்று எண்ணி வை. புதுசையும் அத்தனை சுற்றுதான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் இரண்டு டயரும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். டயர் தலையாட்டுவது, அது திரும்புகிற கம்பியைச் சுற்றியிருக்கும் வளையம், கிங் பின் புஷ், தேய்ந்ததால். அதைக் கடைத்தெரு லேத் பட்டறையில் கொடுத்தால் போட்டுத் தருவார்கள், பெட்டியைப் போல அது பெரிய வித்தை இல்லை.

இதையெல்லாம் முடித்தும் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆட்டம் இருந்தால் பெட்டிக்குப் போ. பெட்டியின் பக்கத்து மூடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதன் மேல் அது நகராமல் பிடிக்க ஒரு லாக் நட். ஸ்க்ரூவை உள்ளே இறுக்கினால் ஆட்டம் குறையும். இதை எப்போது இறுக்கினாலும் முன் டயர் நேராக நிற்க வேண்டும். திருப்பி வைத்துக்கொண்டு இறுக்கக் கூடாது. புதுப் பல் நடுவில்தான் இறுக்கமாக இருக்கும், ஓரத்தில், அதாவது முழுக்கத் திருப்பியபோது, தளர்ந்து இருக்கும். ஓரத்தில் வைத்து இறுக்கிவிட்டால் திரும்பும்போது ஒன்றும் தெரியாது. திருப்பிவிட்டு நேராக்க வரும்போது நடுவில் சிக்கிக்கொள்ளும், சக்கரம் வராது.

எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம், ஆயில் சீல், அதையும் மாற்றிவிடு. அதற்குப் பெட்டியிலிருந்து கீழே தொங்குகிற இரும்புக் கையைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது எனக்காக ஒன்று பார்.

அந்தக் கை பல் வைத்த தண்டில் உட்கார்ந்திருக்கும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். சரியான இடம் தெரிவதற்காக நான் உளியால் தண்டில் ஒரு கோடும் கையில் ஒரு கோடும் வெட்டியிருக்கிறேன். இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் நான் சரியாக மாட்டியிருக்கிறேன். தள்ளி இருந்தால் அத்தானின் இடுப்பு என் கணக்கில்தான்.

நீ அன்று சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. ஏன் தெரியுமா? சரியாக மாட்டினேனா என்று எனக்கே தெரியாது. அன்று அவசரமாகப் பூட்டினேன், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. கோட்டைப் பார்த்து மாட்டினேனா, பழக்கத்தில் மாட்டினேனா? மனதுக்குள் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிவிட்டேன், அந்த ஒரு இடம் மட்டும் ஞாபகம் வரவில்லை. அதற்கப்புறம் நான் யாருடைய ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை. இங்கே தண்ணீர் மோட்டார் மட்டும்தான் பார்க்கிறேன். மோட்டார் கெட்டால் தண்ணீர் வராது, அவ்வளவுதான்.

கோடு எப்படி இருந்தாலும் இருப்பதை எழுது. எனக்குப் பரிதாபப்பட்டு மாற்றி எழுதாதே.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

பேத்திக்குக் காலேஜில் விடுதி அறை கிடைத்துவிட்டது. ஜன்னல் பக்கத்துக் கட்டில்.

பால் ஜாயின்ட் மாற்றியாயிற்று. பதினேழு சுற்று, சுவரில் கரியால் எழுதிவைத்து எண்ணினோம். புஷ்ஷும் லேத்தில் போட்டு வந்துவிட்டது. லேத்துக்காரன், "பாட்டி, வீட்ல ஆம்பளை யாரும் இல்லையா?" என்றான். "இருக்கான், அவனுக்கு இது தெரியாது, அதான் நான் வந்தேன்" என்றேன். அதற்குப் பிறகு ஒழுங்காக வேலை செய்தான்.

அதன் பின்பும் மூன்று அங்குலம் ஆட்டம் இருந்தது, ஆகவே பெட்டியைப் பிரித்தோம். எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தது, தண்ணீர் இறங்கியிருக்கிறது. சீல் ஓரம் முழுக்க வெடித்திருந்தது. தொங்குகிற கையின் நட்டுக்கு ஸ்பானர் போட்டு, ஸ்பானருக்கு ஒரு குழாய் மாட்டி, இரண்டு பேரும் குழாயில் தொங்கினோம். "அத்தை, நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுபது கிலோகூட தேற மாட்டோம் போலிருக்கு" என்றாள். மூன்றாம் நாள்தான் அசைந்தது. பஸ் ஒர்க்‌ஷாப்பிலிருந்து புல்லர் இரவல் வாங்கிவந்து கையை இழுத்தோம். புது சீல் போட்டு, கழுவி, புது எண்ணெய் விட்டுப் பூட்டிவிட்டோம். நீ சொன்னபடி டயரை நேராக வைத்துத்தான் ஸ்க்ரூவை இறுக்கினேன். ஆட்டம் துளிகூட இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம். நேராக ஓட்டினால் வெண்ணெய் மாதிரி போகிறது, முழுக்கத் திருப்பினால் இரண்டு ஓரத்திலும் பிடிக்கிறது. நீ நடுவில் சிக்கும் என்றாய், இது ஓரத்தில் சிக்குகிறது. என்ன தப்பு செய்தேன்?

இருபத்தி நாலாம் தேதி காலை பத்து மணிக்கு இரும்புக்காரன் வருவதாக மகன் சொல்லிவிட்டான். அதற்கு முன்னால் கால்வாய்க் கரை வரை ஓட்டிக் காட்ட வேண்டும், அவன் பார்த்து முடிவு செய்வானாம்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். தாள் தீர்ந்துவிட்டது.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நீ தப்பு ஒன்றும் செய்யவில்லை. பல் பழசாகிவிட்டது. வண்டி நேராக ஓடுகிற நேரம்தான் அதிகம், அதனால் நடுவில்தான் தேயும், ஓரம் தேயாமல் புதுசாகவே இருக்கும். தேய்ந்த நடுவில் ஆட்டத்தை முழுக்க எடுத்தால் தேயாத ஓரத்தில் பிடிக்கத்தான் செய்யும். ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடு. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரு கையால் சுற்ற வர வேண்டும், அதுதான் அளவு. நடுவில் ஒரு அங்குலம் ஆட்டம் மிஞ்சும், இருக்கட்டும். ஒரு அங்குலம் இருந்தே ஆக வேண்டும். ஆட்டமே இல்லாத ஸ்டியரிங்தான் ஆளைக் கவிழ்க்கும்.

தாள் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பின்பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறது.

கையைக் கழற்றினாய், கோட்டைப் பார்த்திருப்பாய். நான் எழுதச் சொன்னது அது ஒன்றைத்தான். லேத்துக்காரன் பேசியதுகூட எழுதியிருக்கிறது, அது இல்லை. புரிந்துகொண்டேன். கோடு தள்ளித்தான் இருக்கிறது. எனக்கு வலிக்கும் என்று நீ எழுதவில்லை.

சரி. இத்தனை வருஷம் இருந்த சந்தேகம் போயிற்று. அவசரத்தில் பூட்டியது நான், அத்தான் எட்டு வருஷம் நொண்டியது என்னால். நீ வாசலில் சொன்னதில் தப்பு இல்லை. அவர் இருந்திருந்தால் நேரில் வந்து காலில் விழுந்திருப்பேன். உன்னிடம் கேட்கிறேன், மன்னித்துக்கொள்.

கையைப் பூட்டும்போது உன் மருமகள் சரியான பல்லில் மாட்டியிருப்பாள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மறுபடி கழற்றி நேராக்கிவிடு.

தம்பி


ஏப்ரல் 12

தம்பி,

இந்தக் கடிதத்தில் பிள்ளைகள் இல்லை.

கோடு நேருக்கு நேர் இருந்தது. தண்டில் ஒன்று, கையில் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரே கோடு. மருமகள் நூல் பிடித்துப் பார்த்தாள், "நான் தைக்கிற மடிப்புகூட இவ்வளவு நேரா இருக்காது" என்றாள். நீ பார்த்துத்தான் மாட்டியிருக்கிறாய். உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. பரிதாபத்துக்கு எழுதவில்லை, அப்படி எழுதுகிறவளாக இருந்தால் போன கடிதத்திலேயே எழுதியிருப்பேன்.

போன கடிதத்தில் ஏன் எழுதவில்லை என்று இப்போது சொல்கிறேன். டயரைத் திருப்பி வைத்துக்கொண்டு இறுக்காதே என்று நீ எழுதியிருந்தாய் இல்லையா. அதை நான் அடுப்படியில் நின்று படித்தேன். பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ ரிப்பேர் முடித்துப் போன மறுநாள் உன் அத்தான் வண்டியில் ஏறிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். ஒரு அங்குலம் ஆடியது. நீ வேண்டுமென்றே விட்ட அங்குலம். "உன் தம்பி பஸ்ஸுக்கு அவசரப்பட்டு அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டான்" என்றார். அவரே ஸ்பானரை எடுத்தார். டயர் நேராக நின்றபோது ஸ்பானர் எதிலோ இடித்தது, திரும்பவில்லை. "ஏறி உட்காரு, முழுசா வலது பக்கம் திருப்பிப் பிடி" என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் முழுசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். அவர் இறுக்கினார். ஆட்டம் போயிற்று. "பார்த்தியா, நாமளே சரி பண்ணிட்டோம்" என்றார். நான் சிரித்தேன்.

நீ போன எட்டாம் நாள் கால்வாய்க் கரையில் திருப்பியவருக்குச் சக்கரம் நேராக வரவில்லை. நடுவில் சிக்கியது. நீ எழுதியிருக்கிறபடியே. வண்டியைத் தூக்கியவர்கள் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்ட பிறகுதான் அது மறுபடி ஓடியது.

அவருக்குத் தெரியுமா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவர் அந்த ஸ்க்ரூவைத் தொடவில்லை, உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். அதற்கு மேல் அவரைப் பற்றி நான் ஊகிக்க மாட்டேன், பதில் சொல்ல அவர் இல்லை. நான் இருக்கிறேன். பிடித்தது என் கை. உன்னை வாசலில் நிறுத்தியது என் வாய்.

அந்த ஒரு நாள் காரியம் எனக்கு ஞாபகமே வராமல் இருந்ததா, இல்லை வரவிடாமல் வைத்திருந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். விளங்கவில்லை. ஆனால் மார்ச் மாதக் கடைசியிலிருந்து ஞாபகம் இருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தாள் தீர்ந்துவிட்டது என்று எழுதினேன். ஓரத்தில் பிடிப்பதற்கு வழி நீ சொல்லாமல் விட்டுவிடுவாயோ என்று பயம். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று. நீ வழியையும் சொல்லி, மன்னிப்பும் கேட்டு எழுதியிருக்கிறாய். என்னால் இரண்டு நாள் அந்தத் தாளைத் தொட முடியவில்லை.

நீ மன்னிப்புக் கேட்டதைத் திருப்பி அனுப்புகிறேன். அது எனக்குச் சேர வேண்டியதில்லை. நான் கேட்பதை நீ வைத்துக்கொள்வதும் தூக்கி எறிவதும் உன் இஷ்டம்.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து இன்றுதான் எடுத்து எழுதுகிறேன்.

இது ஒரு கடிதத்தில் சரியாகிற விஷயம் இல்லை. எனக்கு ஐம்பது வயதில் போன தொழில். நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த கடையைக் காலி செய்துவிட்டு இந்தச் சந்துக்குள் வந்தேன். கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஆனால் லாக் நட் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. ஸ்க்ரூவை விட்ட பிறகு அது நகராமல் பிடித்துக்கொண்டு, மேல் நட்டை நன்றாக இறுக்கினாயா? இறுக்காவிட்டால் ஓட ஓட ஸ்க்ரூ தானாகச் சுற்றும், எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்ல முடியாது. கால்வாய்க் கரைக்குப் போகும் முன்னால் இதைப் பார். பார்க்காமல் சாவியைத் தொடாதே. அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நேற்று ஒருவர் லாரி ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு சந்துக்குள் வந்தார். இதற்கு முன்னால் வந்தவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பியிருக்கிறேன். இதை வாங்கி மேஜை மேல் வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

லாக் நட் இறுக்கவில்லை. விரலால் திருகி விட்டுவிட்டு வந்திருக்கிறேன். உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது, அப்படியே கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினோம். மருமகள் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டாள், நான் இறுக்கினேன். இறுக்கிவிட்டு மறுபடியும் ஓரத்துக்கு ஓரம் சுற்றிப் பார்த்தேன், ஒரு கையால் வந்தது. அவள் டேப் வைத்தாள். ஒரு அங்குலம்.

இருபத்தி மூன்றாம் தேதி காலை மகன் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மட்கார்டில் ஏறி உட்கார்ந்தான். சலவைச் சட்டையோடுதான். "கால்வாய்க் கரை வளைவு வரைக்கும் போங்கம்மா, அங்க திருப்பிக் காட்டுங்க" என்றான். அவன் அப்பா விழுந்த இடம்தான். வேண்டுமென்றே அந்த இடத்தைச் சொன்னான், சொல்லட்டும். கரை மேல் நேராகப் போனோம். வளைவில் முழுக்கத் திருப்பினேன். திருப்பியதும் பிடியை லேசாக விட்டேன், சக்கரம் என் உள்ளங்கைக்குள்ளேயே உருண்டு நேராக வந்து நின்றது. அவன் குனிந்து முன் டயரைப் பார்த்தான். மறுபடியும் திருப்பச் சொன்னான். ஆறு தடவை திருப்பினேன். ஆறாவது தடவை, "போதும்மா" என்றான். இறங்கி நின்று போனை எடுத்து இரும்புக்காரனிடம் வர வேண்டாம் என்று சொன்னான். வீட்டுக்கு வரும்போது மருமகள் ஓட்டினாள், அவன் மட்கார்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே வந்தான். நேற்று பாதி நிலம் உழுதாயிற்று. மீதி நாளைக்கு.

இன்னொரு வேலையும் முடித்துவிட்டேன். அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. மிச்சம் ஆறு பேர் வீட்டுக்கும் நடந்து போய், என் தம்பி வேலையில் தப்பு இல்லை, தப்பு எங்கள் வீட்டுக்குள்தான் நடந்தது, சக்கரத்தைப் பிடித்தது நான் என்று சொன்னேன். நாலாவது வீட்டுக்காரர், "அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு, விடும்மா" என்றார். "எனக்கு இருக்கு, என் தம்பிக்கு இருக்கு, உட்கார்ந்து முழுசாக் கேளுங்க" என்று உட்காரவைத்துச் சொன்னேன். மகனிடமும் மகளிடமும் சொன்னேன். மகன் எழுந்து போய்ப் பேனா எடுத்துவந்தான். அப்புறம், "மாமா அட்ரஸ் குடுங்க" என்று வாங்கிக்கொண்டான். எழுதுவானா, வருவானா தெரியவில்லை.

உன் கோபம் உன்னுடையது, அதை நான் கேட்கவில்லை. ஸ்டியரிங்குக்கு இனி நீ வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்வோம். வேறு எதற்காவது என்றால், இங்கே ஒரு அறை காலியாக இருக்கிறது. லாரிப் பெட்டியைப் பிரித்துவிட்டாயா?

நேற்று உழுதுவிட்டுக் கை கழுவும்போது மருமகள், "மாமா பாக்க எப்படி இருப்பார் அத்தை?" என்று கேட்டாள். ஒரு மாதமாக உன் பேச்சைக் கேட்டுத்தான் அவள் ஸ்பானர் பிடிக்கிறாள், உன் முகம் தெரியாது. சுருட்டை முடி, கறுப்பு மீசை என்று சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். நான் சொல்லிக்கொண்டிருந்தது ஐம்பது வயது ஆளை. இப்போது நீ எப்படி இருப்பாய் என்று எனக்கும் தெரியாது. மீசை இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.

அக்கா